காரத்தில் கரையும் உடல்

2022 ஜனவரி முதல் தேதி, கேப்டவுனின் புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒரு சவப்பெட்டி வைக்கப்பட்டிருந்தது. மெருகில்லாத பைன் மரம், கயிற்றில் கைப்பிடி, குடும்பத்தார் வைத்த ஒரு கொத்து கார்னேஷன் பூ. உள்ளே இருந்தவர் நோபல் பரிசு பெற்ற பேராயர் டெஸ்மண்ட் டூட்டு. கிடைப்பதிலேயே மலிவான பெட்டி போதும், ஆடம்பரம் கூடாது என்று அவரே சொல்லிவைத்திருந்தார். உலகம் அதிகம் கேள்விப்படாத சங்கதி அதற்குப் பிறகுதான் நடந்தது. உடலைப் புதைக்கவில்லை, எரிக்கவும் இல்லை. எஃகுக் கலனுக்குள் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த வெந்நீரில் கரைத்தார்கள். மிஞ்சிய எலும்புப் பொடியை மறுநாள் அதே பேராலயத்தில், பலிபீடத்துக்கு முன்னால் தரையடியில் அடக்கம் செய்தார்கள்.

அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், 2009 ஜனவரியில், வடமேற்கு மெக்சிகோவில் சாந்தியாகோ மேசா லோபஸ் என்பவரை ராணுவம் பிடித்தது. டிஹுவானாவின் போதைக் கும்பலுக்காகச் சுமார் 300 சடலங்களை டிரம்மில் போட்டுக் கரைத்ததாக அவர் ஒப்புக்கொண்டார். வாரக் கூலி 600 டாலர். சோளமும் இறைச்சியும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் அந்நாட்டுக் குழம்பை வைத்து அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அதைத் தமிழில் சொல்லாமல் விடுவதே நல்லது. அவர் பயன்படுத்தியது காஸ்டிக் சோடா.

காஸ்டிக் சோடா என்பது சோடியம் ஹைட்ராக்சைடு. பேராயரின் உடலைக் கரைத்தது அதன் உடன்பிறப்பான காஸ்டிக் பொட்டாஷ். கலனிலும் டிரம்மிலும் நடந்த வேதிவினை ஒன்றே. ஒன்றை இறுதிச்சடங்கு என்கிறோம், இன்னொன்றைக் கேட்டாலே வயிறு புரட்டுகிறது. பொருள் ஒன்றாகவும் வினை ஒன்றாகவும் இருக்க, மரியாதை என்பது எங்கே உட்கார்ந்திருக்கிறது? மதங்கள் இந்தக் கேள்வியை நெருப்பைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் நூற்றாண்டுகளாகக் கேட்டுவந்தன. இப்போது காரத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய நிலை.

பொருளை முதலில் கிட்டத்தில் பார்த்துவிடலாம். காஸ்டிக் சோடா வெள்ளைச் செதில்களாக மூட்டையில் வரும். வாசனை கிடையாது. திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானே கசிந்து நீராகும். தண்ணீரில் போட்டால் அடுப்பில்லாமலே கொதிக்கிற அளவுக்குச் சூடு கிளம்பும். அதனால்தான் தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக்மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது என்பது பட்டறைகளில் முதல் நாள் பாடம். அலுமினியப் பாத்திரத்தில் கரைத்தால் பாத்திரத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். பக்கத்தில் ஒரு பீடி நெருப்பு போதும், வெடிக்கும்.

கரைசல் விரலில் பட்டால் முதலில் தெரிவது எரிச்சலல்ல, வழுவழுப்பு. அந்த வழுவழுப்பு காஸ்டிக்கின் குணமன்று. தோலில் இருக்கும் கொழுப்பு அந்த நொடியே சோப்பாகிக்கொண்டிருக்கிறது. தடவிப் பார்ப்பவர் தன் தோலில் விளைந்த சோப்பைத்தான் தடவுகிறார். அமிலம் பட்டால் சதையின் புரதம் உறைந்து ஒரு பொருக்கு கட்டும், அந்தப் பொருக்கே அமிலத்தை ஓரளவு தடுக்கும். காரத்துக்கு அந்தத் தடுப்பு இல்லை. கொழுப்பைச் சோப்பாக்கி, புரதத்தைக் குழைத்து, உள்ளே உள்ளே போய்க்கொண்டிருக்கும். கண்ணில் தெறித்தால் டாக்டரைத் தேடி ஓடுவதற்கு முன்பு அரை மணி நேரமாவது குழாய்த் தண்ணீரில் கண்ணைக் கழுவச் சொல்வது இதனால்தான். அமெரிக்க அடுக்களைகளில் இருந்த காரத்தூளைக் குழந்தைகள் விழுங்கி உணவுக்குழாய் சுருங்கிப் போன கொடுமையைப் பார்த்து, தொண்டை மருத்துவர் செவாலியர் ஜாக்சன் பல ஆண்டுகள் போராடினார். டப்பாவில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்ற சட்டம் அங்கே 1927-ல் வந்தது.

இவ்வளவு பொல்லாத பொருள் இல்லாமல் ஒரு நாள்கூட நகராது என்பதும் உண்மை. சட்டைத் துணியின் பளபளப்புக்குக் காரணம் காஸ்டிக். பருத்தி நூலை அதில் முக்கினால் நூல் உப்பும், சாயத்தைக் கூடுதலாக வாங்கும் என்று ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்து 1850-ல் காப்புரிமை பெற்றார். திருப்பூர்ப் பக்கம் மெர்சரைஸிங் என்று சொல்வது அவர் பேரைத்தான். காகிதக் கூழ், குளிக்கும் சோப்பு, பாக்ஸைட்டிலிருந்து அலுமினியம் எல்லாவற்றுக்கும் இது வேண்டும். மேட்டூரிலும் தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்திலும் உப்பு நீரில் மின்சாரம் பாய்ச்சி இதைத் தயாரிக்கிறார்கள். ஒரு பக்கம் காஸ்டிக் வரும், மறுபக்கம் குளோரின் வரும், ஒன்றை விட்டு ஒன்றைச் செய்ய முடியாது. பயன்படும் இடத்திலும் அதன் பொல்லாத்தனம் போவதில்லை: ஹங்கேரியின் அயிக்கா அலுமினா ஆலையில் 2010 அக்டோபர் 4 அன்று கழிவுக் குளத்தின் கரை உடைந்தது. காஸ்டிக் மிச்சம் கலந்த செஞ்சேறு கொலொன்டார், டெவெச்சர் என்ற இரண்டு ஊர்களுக்குள் புகுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். நடந்து தப்பியவர்களில் பலருக்குக் கால் வெந்திருந்தது.

உடலைக் காரத்தில் கரைக்கும் யோசனை புதிதல்ல. விலங்குச் சடலங்களை உரமாக்கும் முறைக்கு 1888-லேயே அமெரிக்காவில் காப்புரிமை இருக்கிறது. நவீனக் கலன் 1990-களில் ஆல்பனி மருத்துவக் கல்லூரியில் உருவானது, ஆய்வுக்கூட விலங்குகளின் உடலை ஒழிப்பதற்காக. பைத்தியப் பசு நோய் ஐரோப்பாவை மிரட்டிய காலத்தில், எளிதில் அழியாத அதன் நோய்ப்புரதத்தையும் சூடான காரம் சிதைத்துவிடும் என்பது இந்த முறைக்குப் பெரிய சான்றிதழ் ஆயிற்று. பிறகுதான் மனித உடல். மருத்துவக் கல்லூரிக்குத் தானமாக வந்த உடல்களில் தொடங்கி, மெல்ல இறுதிச்சடங்கு நிலையங்களுக்கு வந்தது. அமெரிக்காவில் மினசோட்டா 2003-ல் சட்டப்படி அனுமதித்தது. இன்று பாதி மாநிலங்களுக்கு மேல் அனுமதி உண்டு. அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில் 2023-ல் ஒரு நிலையம் திறந்தது.

கலனுக்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். நூற்றில் ஐந்து பங்கு அளவில்தான் காரம். அழுத்தம் கொடுத்து 150 டிகிரி வரை சூடேற்றினால் நாலைந்து மணி நேரத்தில் வேலை முடியும். அழுத்தமில்லாத கலனில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்தால் பதினாறு மணி நேரம்கூட ஆகும். சதையும் கொழுப்பும் நரம்பும் அமினோ அமிலமாகவும் சோப்பாகவும் கரைந்து தேநீர் நிறத்தில் ஒரு திரவமாகின்றன. எலும்பு வெள்ளையாக, தொட்டால் உதிர்வதாகத் தங்குகிறது. இடுப்பில் பொருத்திய செயற்கை மூட்டு கழுவிவைத்த மாதிரி அப்படியே கிடக்கும். பேஸ்மேக்கரை முன்கூட்டி எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை, சுடுகாட்டுத் தீயில் அது வெடிக்கும். எரிவாயுத் தகனத்துக்கு ஆகும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கே போதும் என்கின்றன கலன் விற்கும் நிறுவனங்கள். விற்பவர் சொல்லும் கணக்கு என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சர்ச்சை அந்தத் தேநீர் நிறத் திரவத்தில்தான் தொடங்குகிறது. பரிசோதனை முடிந்து அது சாக்கடைக்குப் போகிறது.

அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் கோட்பாட்டுக் குழு 2023 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. உடலை மட்கவைத்து உரமாக்குவதும் காரத்தில் கரைப்பதும் மனித உடலுக்குத் திருச்சபை கேட்கும் மரியாதையைத் தரவில்லை என்பது முடிவு. சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. உடலின் பெரும்பகுதி 100 கேலன் பழுப்புத் திரவமாகிவிடுகிறது, அதைக் கழிவுநீராக நடத்துகிறார்கள், எனவே புனித இடத்தில் அடக்கம் செய்ய அந்தப் பகுதி கையில் வருவதே இல்லை.

முதலில் கேட்கும்போது வாதம் பலமாகத்தான் இருக்கிறது. பெற்றவளின் உடல் குழாய் வழியே போகிறது என்று கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் சுருக்கென்று இருக்கும். ஆனால் தகனத்தைத் திருச்சபை அனுமதித்திருக்கிறதே. அறுபது எழுபது கிலோ உடலில் தீக்குப் பிறகு கையில் வருவது இரண்டு மூன்று கிலோ எலும்புச் சாம்பல். மீதி முழுக்கப் புகைபோக்கி வழியே நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் போய்விட்டது. அதைத் திரட்டிப் புதைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கல்லறைக்குப் போகும் உடலும் முழுதாகப் போவதில்லை: அமெரிக்காவில் உடலைப் பதப்படுத்தும்போது வடிக்கும் ரத்தம் பெரும்பாலும் நகரச் சாக்கடையில்தான் சேர்கிறது. அங்கே ஒப்புக்கொண்ட குழாயை இங்கே மட்டும் மறுப்பதற்கு அருவருப்பைத் தாண்டிய ஒரு காரணம் வேண்டும். அறிக்கையில் அது தெளிவாக இல்லை. புகை மேலே போகிறது, நீர் கீழே போகிறது. மனித மனம் இந்தத் திசைக்குக் கொடுக்கும் மதிப்பை இறையியலாக எழுதிவிட்டார்களோ என்று தோன்றுகிறது.

திருச்சபையின் சொந்தக் கதையும் இதற்குப் பொருத்தமானது. 1886-ல் ரோம் தகனத்தைக் கண்டித்தபோது, நெருப்பு உயிர்த்தெழுதலைத் தடுத்துவிடும் என்று பயந்து கண்டிக்கவில்லை. தகனச் சங்கங்களை நடத்தியவர்களில் பலர் மறுமையைக் கேலி செய்த நாத்திகர்களும் ஃப்ரீமேசன்களும். எரிப்பதையே ஒரு கொள்கை முழக்கமாக ஆக்கியிருந்தார்கள். 1963-ல் தடை தளர்ந்தபோதும் அளவுகோல் அதுவே: விசுவாசத்துக்கு எதிரான காரணத்துக்காகத் தேர்ந்தெடுக்காத வரை எரிக்கலாம். அதாவது அன்று பார்த்தது நோக்கத்தை. 2023-ல் பார்த்தது குழாயை.

இதைவிடப் பழைய சம்பவம் ஒன்று உண்டு. கி.பி. 177-ல், இன்றைய பிரான்சின் லியோன் நகரில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள், உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் நதியில் கொட்டினார்கள். உயிர்த்தெழும் நம்பிக்கைக்கே இடமில்லாமல் செய்வது நோக்கம் என்று யூசிபியஸின் திருச்சபை வரலாறு பதிந்திருக்கிறது. எரித்துச் சாம்பலை நதியில் கரைப்பது ஒரு கரையில் ஆன்மாவுக்குச் செய்யும் உச்சபட்ச அவமானம். கங்கைக் கரையிலும் காவிரிக் கரையிலும் மகன் தகப்பனுக்குச் செய்யும் கடமை. அடுத்த நூற்றாண்டுகளில் அகஸ்டின் உள்ளிட்டவர்கள், மீன் தின்றாலும் தீ தின்றாலும் கடவுளால் திரட்ட முடியும் என்று எழுதியாக வேண்டியிருந்தது.

நெருப்பை வெறும் தொழில்நுட்பமாகப் பார்த்தால் காரத்தை அதன் இடத்தில் வைத்துவிடலாம். இந்து மரபில் அப்படி வைக்க முடியாது. அங்கே அக்னி கருவியல்ல, கடைசி ஆகுதியை வாங்கிக்கொள்ளும் தெய்வம். இங்கிலாந்தின் நியூகாசில் நகரைச் சேர்ந்த தேவேந்தர் கை, தன்னைத் திறந்த சிதையில் எரிக்க வேண்டும், வெயில் தன் உடல்மேல் பட வேண்டும் என்று நகராட்சியோடு வழக்காடினார். உயர்நீதிமன்றத்தில் தோற்று, 2010 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் வென்றார்: சுவருள்ள, மேலே திறப்புள்ள கட்டடமும் 1902-ஆம் ஆண்டுத் தகனச் சட்டப்படி கட்டடமே என்றது தீர்ப்பு. எரிவாயு உலையில் வைத்தாலும் அதே சாம்பல்தானே வரும் என்று அவரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

ஆனால் அதே மரபு இளகவும் தெரிந்தது. மின்மயானம் வந்தபோது முகம் சுளித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தமிழ்நாட்டின் சிறு நகரங்களில்கூட எரிவாயுத் தகனமேடைக்கு முன்பதிவு செய்கிறார்கள். கொள்ளி வைப்பது தட்டில் கிடத்திய உடல்மீது ஒரு கட்டிக் கற்பூரமாகச் சுருங்கியிருக்கிறது. புரோகிதர்கள் அதற்கும் ஒரு மந்திரம் வைத்திருக்கிறார்கள். தவிர, எல்லோரையும் எரிப்பதும் இல்லை. பச்சிளம் குழந்தையைப் புதைப்பார்கள். சைவ ஆதீனங்களின் தலைவர்களை எரிப்பதில்லை, உட்கார்ந்த நிலையில் சமாதி வைப்பார்கள். துறவி ஏற்கெனவே தன் உடலைத் தீயில் கொடுத்துவிட்டவர், மீண்டும் கொடுக்க ஒன்றுமில்லை என்பது கணக்கு.

இந்த விஷயத்தில் பழந்தமிழர் இன்றைய ஆயர்களைவிடத் தாராளம். மணிமேகலை புகாரின் சுடுகாட்டை வர்ணிக்கையில் ஐந்து விதமானவர்களை ஒரே மூச்சில் சொல்கிறது: எரிப்பவர், வெட்டவெளியில் போட்டுவிட்டு வருபவர், குழி தோண்டிப் புதைப்பவர், தாழ்ந்த அறையில் வைத்து அடைப்பவர், தாழியால் மூடுபவர். இவருள் யார் செய்வது சரி என்று அந்தப் பௌத்தக் காப்பியம் அங்கே தீர்ப்புச் சொல்வதில்லை. ஒரே ஊர், ஒரே மதிலுக்குள் ஐந்து வழி. ஆறாவதாகக் காரத்தில் கரைப்பவர் வந்திருந்தால் அதை எழுதிய சாத்தனார் இன்னொரு சொல்லைத்தான் சேர்த்திருப்பார்.

அப்படியானால் மரியாதை முறையில் இல்லை, எதையும் செய்யலாம் என்று முடித்துவிடலாமா? கிரேக்க ஞானி டயோஜனஸ் அப்படித்தான் முடித்தார் என்று சிசரோ சொல்கிறார். செத்தபின் என்னை ஊருக்கு வெளியே வீசிவிடுங்கள் என்றாராம். மிருகங்கள் தின்னுமே என்றார்கள். பக்கத்தில் ஒரு தடி வையுங்கள், விரட்டிக்கொள்கிறேன் என்றார். உணர்வில்லாதவன் எப்படி விரட்டுவான் என்று கேட்டதும், உணர்வில்லாதவனை மிருகம் தின்றால்தான் என்ன என்று கேட்டு வாயடைத்தார். தர்க்கம் ஓட்டையில்லாதது. ஆனாலும் அது செத்தவரை மட்டும் கணக்கில் எடுக்கிறது. நிற்பவர்கள் எங்கே?

இலங்கையில் 2020 மார்ச் இறுதியிலிருந்து கொரோனாவில் இறந்த எல்லோரையும் எரித்தே ஆக வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்பது காரணம். உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று சொல்லியிருந்தது. முஸ்லிம் குடும்பங்கள் கெஞ்சின. பிறந்து இருபது நாளான குழந்தையைக்கூடப் பெற்றோர் சம்மதமின்றி எரித்தார்கள். கொழும்பின் மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2021 பிப்ரவரி கடைசியில் தடை நீங்கி, மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் புதைக்க இடம் தந்தார்கள். மன்னிப்புக் கேட்க அமைச்சரவை முடிவெடுத்தது 2024 ஜூலையில். எரிப்பதில் என்ன அவமானம் என்று ஓர் இந்துவுக்குத் தோன்றலாம். அதே தீ, அதே சாம்பல். அந்தப் பெற்றோர் பக்கம் நின்று பார்த்தால்தான் தெரியும்: அந்தக் குழந்தைக்கு நடந்தது தகனம் அல்ல, பறிமுதல்.

டிஹுவானாவிலும் பறிமுதல்தான் நடந்தது, இன்னும் முழுமையாக. அந்தக் கும்பலுக்குக் காஸ்டிக் பிடித்ததற்குக் காரணமே கையில் கொடுக்க எதுவும் மிஞ்சாது என்பது. பிணமில்லை, பெயரில்லை, வழக்கில்லை. காணாமல் போனவர்களின் பெற்றோர் அந்த இடத்து மண்ணைப் பல ஆண்டுகள் தோண்டினார்கள். எலும்புத் துண்டும் பல்லும் கிடைத்தன. யாருடையது என்று சொல்லும் அளவுக்கு மரபணுவைக் காரம் பெரும்பாலும் விட்டுவைத்திருக்கவில்லை. அந்தத் தகப்பன்மார்களிடம் டயோஜனஸின் தடியைப் பற்றிப் பேச முடியாது. டூட்டு தானே கேட்டார். அவருடைய பிள்ளைகள் நின்றார்கள். எலும்பு பேரோடு திரும்பி வந்தது. இந்த மூன்றில் ஒன்றைக் கழித்துப் பார்த்தால், பேராலயத்துக்கும் டிரம்முக்கும் நடுவே உள்ள தூரம் சட்டென்று குறைந்துவிடும். ஆயர்களின் சாக்கடைக் கேள்விக்கும் இதே வழியில் பதில் தேடலாம்: திரவத்தையும் குடும்பத்தின் கையில் கொடுத்தால் என்ன? சில நிலையங்கள் ஒரு பங்கைத் தருகின்றன, தோட்டத்து மரத்துக்கு ஊற்ற. அமினோ அமிலமும் பொட்டாசியமும் உள்ள நீர் என்பதால் மரம் அதை நன்றாகவே ஏற்கும், காரத்தன்மையைக் குறைத்துவிட்டால்.

ஹவாய்த் தீவின் பூர்வகுடியினர் இந்த விவாதத்துக்குள் முற்றிலும் வேறு கதவு வழியே வந்தார்கள். அவர்களுக்கு இறந்தவரின் ஆற்றல் எலும்பில் தங்குகிறது. சதை கழிந்துபோக வேண்டியது. முன்னோர்கள் உடலை நிலத்தடி அடுப்பில் சூடேற்றிச் சதையை நீக்கி, எலும்பை மட்டும் துணியில் சுற்றி ரகசியமான இடத்தில் வைத்தார்கள். தகன உலை எலும்பை வெடிக்கச் செய்து உருக்குலைக்கிறது. காரம் எலும்பை விட்டுவைக்கிறது. அரைக்காமல் முழுதாகவே திருப்பித் தரவும் முடியும். அமெரிக்க ஆயர்களைச் சங்கடப்படுத்திய அதே திரவம் இந்தக் கணக்கில் கழிந்துபோக வேண்டியதுதான். 2022 ஜூலையில் அந்த மாநிலத்தின் ஆளுநர் நீர்த் தகனம் எனப்படும் இந்த முறையை அனுமதிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்காக வாதாடியவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள், பழைய எலும்பு அடக்க முறைக்குத் திரும்ப வழி கேட்ட பூர்வகுடியினர்.